அல்பேனியாவுக்கு மதம் எப்படித் திரும்பி வந்தது?

கேள்வி இது: "கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த நாடுகளில் மதம் பொதுவாழ்க்கைக்குத் திரும்பி வந்தது என்கிறார்கள். அத்தனை வருஷத் தடைக்குப் பிறகு அது எங்கிருந்து வந்தது? மக்கள் ரகசியமாகக் காத்து வைத்திருந்தார்களா, வெளியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தார்களா?"

வழக்கமாக இதற்குப் போலந்தையும் ரஷ்யாவையும் காட்டிப் பதில் சொல்வார்கள். எனக்கு அந்த இரண்டு உதாரணங்களும் போதவில்லை. போலந்தில் கத்தோலிக்கத் திருச்சபை ஒருநாளும் கதவை மூடவில்லை. 1980-களில் ஆட்சியை எதிர்த்தவர்களுக்கு நிழல் கொடுத்ததே அதுதான். ரஷ்யாவில் 1931-ல் வெடிவைத்துத் தகர்த்த மாஸ்கோவின் கிறிஸ்து மீட்பர் பேராலயத்தை அதே இடத்தில் மறுபடி கட்டி 2000-ல் திருநிலைப்படுத்தினார்கள். அங்கே எத்தனையோ பாதிரியார்களைக் கொன்றார்கள் என்றாலும், அரசின் பிடிக்குள் ஒரு திருச்சபை இருந்துகொண்டே இருந்தது. போய்ச் சேர ஒரு இடம் மிச்சமிருந்தது. ஐரோப்பாவில் மதத்தை வேரோடு பிடுங்கிப் பார்த்த நாடு அல்பேனியா. அதனால் உங்கள் கேள்விக்குச் சரியான பரிசோதனைக்களமும் அதுதான்.

முதலில் ஒரு சின்னப் பின்னணி. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கணக்குப்படி அல்பேனியரில் ஏறத்தாழ 70 சதவீதம் முஸ்லிம்கள், 20 சதவீதம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், 10 சதவீதம் கத்தோலிக்கர்கள். முஸ்லிம்களுக்குள்ளேயே பெக்தாஷி என்ற சூஃபி வழியினர் தனிக் கூட்டம். மூவருக்கும் மொழி ஒன்று. ஆனால் அவரவர் மதத்தின் தலைவாசல் வெவ்வேறு திசையில் இருந்தது: கத்தோலிக்கருக்கு ரோம், ஆர்த்தடாக்ஸ்காரர்களுக்கு கான்ஸ்டான்டினோபிளும் கிரேக்கமும், முஸ்லிம்களுக்கு துருக்கி. சின்ன நாடு, சுற்றிலும் பெரிய அண்டை வீட்டுக்காரர்கள். மதத்தைப் பிடித்துக்கொண்டு அண்டை நாடு உள்ளே வந்துவிடும் என்ற பயம் அங்கே கம்யூனிசத்துக்கு முன்பே உண்டு. அல்பேனியனின் மதம் அல்பேனியத்தன்மையே என்று ஒரு கவிஞர் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியது அந்தப் பயத்திலிருந்துதான்.

1944-ல் ஆட்சிக்கு வந்த என்வர் ஹோஜா இந்தப் பயத்தைக் கொள்கையாக்கினார். அவரே கிரோகாஸ்தர் நகரத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஹோஜா என்ற குடும்பப் பெயருக்கே மார்க்க ஆசிரியர் என்றுதான் பொருள். முதல் இருபது வருஷம் மதத்தலைவர்களைச் சிறையில் அடைப்பது, சுடுவது, சொத்தைப் பறிப்பது என்று போனது. அதிலும் கத்தோலிக்கர்கள் மீதுதான் அடி பலமாக விழுந்தது. 1967 பிப்ரவரியில் ஹோஜா பேசிய ஒரு பேச்சுக்குப் பிறகு இளைஞர் கூட்டங்கள் ஊர் ஊராக இறங்கின. பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், மடங்கள், தெக்கேக்கள் (பெக்தாஷி மடங்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) எல்லாம் சேர்த்து 2,169 வழிபாட்டு இடங்கள் மூடப்பட்டன. சில கிடங்காயின, சில சினிமா கொட்டகையாயின, பல தரைமட்டமாயின. வடக்கே ஷ்கோடர் நகரத்துக் கத்தோலிக்கப் பேராலயம் விளையாட்டு அரங்கமாயிற்று. தலைநகர் டிரானாவின் நடுச்சதுக்கத்தில் இருக்கும் எத்ஹெம் பே பள்ளிவாசல் கலைச்சின்னம் என்ற பட்டியலில் இருந்ததால் இடிபடாமல் தப்பியது. பூட்டு மட்டும் விழுந்தது.

அந்த வருஷ நவம்பரில் மதங்களுக்கு இருந்த சட்ட அங்கீகாரம் முழுக்க ரத்தானது. 1976 அரசியல் சாசனத்தின் 37-ஆவது பிரிவு, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்கவில்லை, நாத்திகப் பிரச்சாரத்தை ஆதரிக்கிறது என்று எழுதியே வைத்துவிட்டது. உலகின் முதல் நாத்திக நாடு என்று தன்னைச் சொல்லிக்கொண்டது அல்பேனியா.

கட்டடத்தை மூடுவது எளிது. வீட்டுக்குள் எப்படி நுழைந்தார்கள் என்பதுதான் முக்கியம். தவக்காலத்திலும் ரம்ஜான் மாதத்திலும் பள்ளியிலும் வேலை செய்யும் இடத்திலும் விலக்கான உணவைக் கொடுத்து, யார் தொடவில்லை என்று பார்ப்பார்கள். தொடாதவர்கள் பெயர் மேலே போகும். 1970-களின் நடுவில் வந்த ஆணை, மத வாடையுள்ள பெயர்களை மாற்றச் சொன்னது. சிறைமுகாமில் இருந்த ஷ்டெஃபன் குர்தி என்ற பாதிரியார் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததற்காக 1970-களின் தொடக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதையெல்லாம் கேள்விப்பட்ட ஒரு தாய் என்ன செய்வாள்? பிள்ளைக்குச் சொல்லித்தர மாட்டாள். பயந்து நம்பிக்கையை விட்டாள் என்பது இல்லை. பிள்ளை வெளியே போய் உளறிவிட்டால் குடும்பமே போய்விடும். மதத்தை உண்மையில் அறுத்தது இந்த மௌனம்தான் என்று நான் நினைக்கிறேன். இடித்த கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். பாட்டி வாயிலிருந்து பேத்தி காதுக்குப் போகாமல் நின்றுவிட்ட ஜெபத்தை எங்கே போய்த் தேடுவது?

சரி, அப்படியானால் எதுதான் மிஞ்சியது? கல்லறை மிஞ்சியது. பெருநாளில் செய்யும் பலகாரம் மிஞ்சியது. 'நாங்கள் இன்னார் வீட்டுப் பிள்ளைகள்' என்ற நினைவு மிஞ்சியது. லாச் என்ற ஊருக்கு மேலே குன்றில் புனித அந்தோணியார் கோவில் இருந்தது. அதை ஆட்சி அழித்த பிறகும் மக்கள் இருட்டில் அந்த இடத்துக்கு ஏறிப் போய் வந்தார்கள். போனவர்களில் கத்தோலிக்கர்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. அங்கே பூசை இல்லை, பிரசங்கம் இல்லை, பாறையும் வேண்டுதலும்தான். பாதிரியாரோ இமாமோ தேவைப்படாத மதம் தப்பியது. அவர்கள் இல்லாமல் நடக்க முடியாத மதம் அறுந்தது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பிறகு நடந்தது எல்லாம் புரியும்.

ஹோஜா 1985-ல் இறந்தார். 1990 மே மாதம் மதப் பிரச்சாரம் குற்றம் என்ற பிரிவைத் தண்டனைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். சட்டம் மாறினாலும் யார் முதலில் வெளியே வருவது? 1990 நவம்பர் 4 அன்று ஷ்கோடரில், 26 வருஷம் சிறையில் இருந்து முந்தைய வருஷம்தான் வெளியே வந்திருந்த சிமோன் யுபானி என்ற பாதிரியார் ர்மாய் கல்லறைத் தோட்டத்தில் வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்றினார். ஆயிரக்கணக்கான பேர் கூடினார்கள். அடுத்த வாரம் கூட்டம் பல மடங்கு பெருகியது. பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 16 அன்று, அதே ஊரில் ஈயப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடந்தது. தொழுவித்தவர் ஹாஃபிஸ் சப்ரி கோச்சி, அவரும் இருபது வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தவர். 1991 ஜனவரி 18 அன்று டிரானாவில் அதிகாரிகளின் எதிர்ப்பை மீறி எத்ஹெம் பே பள்ளிவாசலுக்குள் சுமார் பத்தாயிரம் பேர் நுழைந்தார்கள். காவல்துறை அவர்கள் மேல் கைவைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 20 அன்று, அதே சதுக்கத்தில் ஹோஜாவின் பிரம்மாண்டச் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள்.

அந்த வரிசையைக் கவனியுங்கள். சிலை விழுவதற்கு முன்பே தொழுகையும் பூசையும் நடந்துவிட்டன. அல்பேனியாவில் மதம் திரும்பி வந்த முதல் நிமிஷம் அரசியல் நிமிஷமும்கூட. யுபானியின் பூசைக்கு வந்தவர்களில் எல்லாரும் கத்தோலிக்கர்கள் இல்லை; முஸ்லிம்களும் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் கூடி நிற்பதே அன்று ஆட்சியை எதிர்க்கும் செயல். அந்தக் கூட்டத்தை வைத்து 'மக்கள் மனதில் நம்பிக்கை கொழுந்துவிட்டு எரிந்தது' என்று எழுதுகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல் வந்தது. கதவு திறந்தாயிற்று. உள்ளே நின்று வழிநடத்த ஆள் யார்?

ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நிலை இதைத் தெளிவாகக் காட்டும். கம்யூனிசத்துக்கு முன் அதில் சுமார் 440 குருக்கள் இருந்தார்கள். 1991-ல் உயிரோடு இருந்தவர்கள் 22 பேர், எல்லாரும் முதியவர்கள். ஒரு ஆயர்கூட இல்லை. ஆயர் இல்லாமல் புதுக் குருவுக்குப் பட்டம் கொடுக்க முடியாது, ஆயர்கள் இல்லாமல் புது ஆயரை நியமிக்க முடியாது. ஆர்த்தடாக்ஸ் மரபில் அந்தச் சங்கிலி அறுந்தால் உள்ளேயிருந்து ஒட்ட வழியே கிடையாது. அதனால் கான்ஸ்டான்டினோபிள் தலைமைப் பீடம் ஒருவரை அனுப்பியது: அனஸ்தாசியோஸ் யன்னுலாதோஸ், ஏதென்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர், கிழக்கு ஆப்பிரிக்காவில் திருச்சபைப் பணி செய்து வந்தவர். கிரேக்கர்.

இது அல்பேனியர்களுக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அல்பேனிய மொழியில் வழிபாடு வேண்டும், கிரேக்கப் பிடி வேண்டாம் என்று போராடித்தான் 1922-ல் பெராத் நகரில் தனித் திருச்சபை என்று அறிவித்தார்கள். தலைமைப் பீடம் அதை ஏற்க 1937 ஆயிற்று. அப்படிப் பெற்ற திருச்சபைக்கு 1992-ல் கிரேக்கப் பேராயர். அவர் பதவியேற்றபோதே எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. 1994-ல் ஜனாதிபதி சாலி பெரிஷா கொண்டுவந்த அரசியல் சாசன வரைவில், பெரிய மதங்களின் தலைவர்கள் அல்பேனியாவில் பிறந்து நீண்ட காலம் அங்கேயே வாழ்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. யாரைக் குறிவைத்தது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நவம்பர் 6 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் வரைவையே நிராகரித்தார்கள். ஜனாதிபதிக்கு அதிக அதிகாரம் போகிறது என்ற கோபம்தான் அதற்கு முக்கியக் காரணம். அனஸ்தாசியோஸ் தங்கிவிட்டார்.

அவர் அங்கே செய்ததை நான் மரியாதையோடு பார்க்கிறேன். அல்பேனிய மொழி கற்றுக்கொண்டு, அல்பேனிய மொழியில் வழிபாட்டை வளர்த்தார். துர்ரஸில் கைவிடப்பட்ட ஒரு ஹோட்டலில் குருமடத்தைத் தொடங்கி, பிறகு ஷென் விளாஷ் மடத்துக்குக் கொண்டுபோனார். நூற்றுக்கு மேற்பட்ட அல்பேனியக் குருக்களை உருவாக்கினார். டிரானாவில் பெரிய உயிர்த்தெழுதல் பேராலயம் எழுந்தது. 2017-ல்தான் அவருக்கு அல்பேனியக் குடியுரிமை கிடைத்தது. 2025 ஜனவரியில் இறக்கும்வரை, முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். அவர் இல்லாமல் அந்தத் திருச்சபை எழுந்திருக்காது. அவர் கிரேக்கர் என்ற சந்தேகமும் கடைசிவரை முழுக்கத் தீரவில்லை. இரண்டும் உண்மை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. மதம் வழியாக அந்நியர் உள்ளே வருவார்கள் என்று பயந்துதான் ஹோஜா மதத்தை அறுத்தார். உள்ளூர்க் குருவையும் இமாமையும் கொன்றொழித்த பிறகு, சொல்லித்தர வெளியூர்க்காரரை விட்டால் வேறு ஆளே இல்லை என்ற நிலையை உண்டாக்கியதும் அதே தடைதான். எந்தக் கதவை அடைக்க நினைத்தாரோ, அந்த ஒரு கதவைத் தவிர மற்ற எல்லாம் அடைபட்டன.

முஸ்லிம்கள் பக்கமும் இதே கதை, பணம் மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது. 1992 டிசம்பரில் பெரிஷா அல்பேனியாவை முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பான இஸ்லாமிய மாநாட்டு அமைப்பில் சேர்த்தார். நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சேர்த்தார் என்று பெரிய சர்ச்சை ஆயிற்று. வளைகுடா நாட்டு அறக்கட்டளைகள் வந்தன, பள்ளிவாசல்கள் கட்டினார்கள், இளைஞர்களை அரபு நாடுகளுக்குப் படிக்க அனுப்பினார்கள். போனவர்கள் திரும்பி வந்து, நம் தாத்தாக்கள் கும்பிட்ட தர்காவும் வழக்கமும் தவறு என்று சொன்னபோது கிராமத்துப் பெரியவர்கள் திகைத்தார்கள். அவர்களுக்கு மிஞ்சியிருந்த மதமே அதுதான். 2001-க்குப் பிறகு அரபு அறக்கட்டளைகள் பல வெளியேறின. அந்த இடத்துக்குத் துருக்கி வந்தது. டிரானாவில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் நமஸ்கா பள்ளிவாசலைத் துருக்கி அரசின் மத விவகாரத் துறை ஏறத்தாழ மூன்று கோடி யூரோ செலவில் கட்டியது. 2015-ல் அடிக்கல் நாட்டவும் 2024 அக்டோபரில் திறக்கவும் வந்தவர் துருக்கி ஜனாதிபதி எர்டோகன். நான்கு உயரமான மினாராக்களோடு துருக்கியப் பாணியில் நிற்கிறது. டிரானா முஸ்லிம்களுக்குப் பெருநாள் தொழுகைக்கு இடம் போதாமல் சதுக்கத்தில் மழையில் நின்றார்கள் என்பது உண்மை; அந்தத் தேவை நியாயமானது. ஆனாலும் அதைத் திறந்துவைத்த படத்தில் முன்னால் நிற்பவர் யார் என்பதும் கண்ணில் படத்தான் செய்கிறது.

கத்தோலிக்கர்களுக்கு ரோம் என்றைக்கும் இருந்தது, அதனால் அவர்கள் சங்கிலி சீக்கிரம் ஒட்டியது. 1993 ஏப்ரல் 25 அன்று போப் இரண்டாம் ஜான் பால் ஷ்கோடருக்கு வந்து, விளையாட்டு அரங்கமாகக் கிடந்த அதே பேராலயத்தில் நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். அன்னை தெரசாவும் அன்று உடன் இருந்தார். கல்கத்தாவின் அன்னையாக நமக்குத் தெரிந்த அவர் இன்றைய வட மாசிடோனியாவின் ஸ்கோப்யே நகரில் பிறந்த அல்பேனியர். அவருடைய அம்மாவும் அக்காவும் டிரானாவில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை வெளியே அழைக்க அவர் எவ்வளவோ கேட்டும் ஆட்சி விடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். 1989-ல்தான் அம்மாவின் கல்லறைக்குப் போக அவருக்கு அனுமதி கிடைத்தது. அப்படி நடத்திய நாடு பிறகு தன் விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தது, அவர் நினைவாக அரசு விடுமுறையும் விட்டது. முஸ்லிம் பெரும்பான்மை நாட்டின் வாசலில் ஒரு கன்னியாஸ்திரியின் பெயர். அங்கே பெரும்பாலோர் அவரை அல்பேனியராகத்தான் முதலில் பார்க்கிறார்கள். எல்லாரும் அப்படியில்லை, 2006-ல் ஷ்கோடரில் அவருக்குச் சிலை வைப்பதைச் சில முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன.

எர்னஸ்ட் சிமோனி என்ற கத்தோலிக்கப் பாதிரியாரைச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலைத் தாண்ட முடியாது. 1963-ல் கிறிஸ்துமஸ் திருப்பலி முடித்ததும் கைது. மரண தண்டனை விதித்துப் பிறகு சிறையாகக் குறைத்தார்கள். பதினெட்டு வருஷம் சிறை, சுரங்க வேலை. விடுதலைக்குப் பிறகும் ஷ்கோடரில் சாக்கடை வேலை. அந்தக் காலமெல்லாம் மனப்பாடமாக லத்தீனில் ரகசியமாகப் பூசை செய்தார். 2014 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் டிரானா வந்தபோது அவர் எழுந்து நின்று தன் கதையைச் சொன்னார். போப் அழுதுவிட்டார். 2016-ல் அவரைக் கர்தினாலாக்கினார். ஒரு சங்கிலியின் ஒரு கண்ணி ஒரே ஒரு மனிதனின் ஞாபகத்தில் கிட்டத்தட்ட முப்பது வருஷம் இருந்திருக்கிறது.

இன்றைய அரசு என்ன செய்கிறது? 1998 அரசியல் சாசனத்தின் 10-ஆவது பிரிவுப்படி அதிகாரபூர்வ மதம் இல்லை, நம்பிக்கை விஷயத்தில் அரசு நடுநிலை, சமூகங்கள் எல்லாம் சமம். அரசுப் பள்ளியில் மதபோதனை கிடையாது. அதே சமயம் கிறிஸ்துமஸ், கத்தோலிக்க ஈஸ்டர், ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர், இரண்டு பெருநாள், பெக்தாஷிகளின் நவ்ரூஸ் எல்லாமே விடுமுறை. அரசியல் தலைவர்கள் எல்லாச் சமூகத் தலைவர்களையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மத நல்லிணக்கம் என்பது ஐரோப்பாவுக்குக் காட்டும் அடையாள அட்டை மாதிரி ஆகிவிட்டது. அது பொய் என்று சொல்ல மாட்டேன். கலப்புத் திருமணம் அங்கே சாதாரணம், அண்டை நாடுகளில் 1990-களில் ஓடிய ரத்தம் அங்கே மதத்தின் பெயரில் ஓடவில்லை. ஆனால் பறித்த நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதில் அதே அரசுகள் முப்பது வருஷமாக இழுத்தடிக்கின்றன. வக்ஃபு நிலமும் திருச்சபை நிலமும் நகரத்தின் நடுவில் இருக்கிறது, இன்று அதன் விலை வேறு.

இந்த அடையாள அட்டையின் உச்சம், 2024 செப்டம்பரில் பிரதமர் எடி ராமா சொன்ன திட்டம்: டிரானாவில் பெக்தாஷிகளின் உலகத் தலைமையகம் இருக்கும் ஏறத்தாழ பத்து ஹெக்டேர் நிலத்தை வாடிகன் போலத் தனி நாடாக்குவது. துருக்கி 1925-ல் சூஃபி வழிகளைத் தடை செய்தபின் பெக்தாஷிகளின் தலைமை அல்பேனியாவுக்கு வந்தது. ஆகஸ்ட் மாதம் தொமோர் மலைக்கு ஏறி ஆடு பலியிடும் அவர்களுடைய யாத்திரையில் மற்ற மதத்தவரும் போகிறார்கள். மிதமான இஸ்லாத்தின் முகம் என்று உலகுக்குக் காட்ட இந்தத் தனி நாடு என்கிறார்கள். சுன்னி தலைமை இதை விரும்பவில்லை. எனக்கும் தயக்கம்தான். மக்கள் ஆடும் மெழுகுவர்த்தியும் கொண்டு மலை ஏறுகிற ஒரு வழிபாட்டுக்குக் கொடியும் பாஸ்போர்ட்டும் எதற்கு?

வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்களையும் மறக்கக் கூடாது. 1991-க்குப் பிறகு லட்சக்கணக்கானோர் கிரேக்கத்துக்கும் இத்தாலிக்கும் போனார்கள். கிரேக்கத்தில் வேலை கிடைக்கவும் வம்பில்லாமல் இருக்கவும் முஸ்லிம் பெயர் வைத்திருந்த பலர் கிறிஸ்தவப் பெயர் வைத்துக்கொண்டார்கள், சிலர் ஞானஸ்நானமும் பெற்றார்கள். அப்பா காலத்தில் அரசு பெயரை மாற்றச் சொன்னது, மகன் காலத்தில் முதலாளிக்காக மாற்ற வேண்டியிருந்தது.

கடைசியாக, எண்கள். 2011 கணக்கெடுப்பில் தங்களை முஸ்லிம் என்றவர்கள் சுமார் 57 சதவீதம். 2023-ல் அது சுமார் 46. கத்தோலிக்கர் 8, ஆர்த்தடாக்ஸ் 7, பெக்தாஷி 5 சதவீதத்துக்கு அருகில். 2011 எண்களை ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாத்திகர் என்று சொன்னவர்கள் 2023-ல் 4 சதவீதத்துக்கும் குறைவு. இத்தனை கொடுமை செய்து நாத்திகத்தைத் திணித்த நாட்டில் அவ்வளவுதான். நான் முக்கியமாக நினைப்பது வேறு ஒரு எண்: 'நம்பிக்கை உண்டு, எந்த மதத்தையும் சேரவில்லை' என்ற கட்டத்தில் கிட்டத்தட்ட 14 சதவீதம் பேர், 3,30,000 பேருக்கு மேல், குறியிட்டிருக்கிறார்கள். இவர்களுக்கு அருகில் இன்று பள்ளிவாசலும் இருக்கிறது, தேவாலயமும் இருக்கிறது, இமாமும் குருவும் வந்துவிட்டார்கள். லாச் குன்றில் அந்தோணியாருக்கு மறுபடி கோவில் கட்டியாயிற்று. ஜூன் 13-க்கு முந்தைய இரவு அங்கே ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள், சிலர் செருப்பில்லாமல். குகையில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாறையைத் தொட்டு வேண்டிக்கொள்கிற அந்தக் கூட்டத்தில் முஸ்லிம் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள், எந்த வீட்டு மதம் என்று சொல்லத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.